கஃபன் துணி தயார்! கவனிக்க ஆள் தயாரா?



நமது வீடுகளில் வயதான பெரியவர்களின் பீரோவைத் திறந்து பாருங்கள். மேல் தட்டில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருக்கும். ஹஜ்ஜுக்குப் போனபோது ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்த கஃபன் துணி. அதன் பக்கத்தில் ஒரு கவரில் அடக்கச் செலவுக்கான பணம். கேட்டால், "நான் மௌத்தானால் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்பார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு கேள்வி. மௌத்துக்குப் பிறகு யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று திட்டமிட்ட அந்தப் பெரியவர், மௌத்துக்கு முன்னால் வரக்கூடிய மூன்று வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்? தானாக எழுந்து ஒளூச் செய்ய முடியாத காலம் ஒன்று வந்தால் யார் கை பிடிப்பது? இரவு இரண்டு மணிக்கு ஈரமான படுக்கையை யார் மாற்றுவது? அவரும் யோசித்ததில்லை. அவர் பிள்ளைகளும் யோசித்ததில்லை. அவர் தொழும் பள்ளிவாசலின் ஜமாஅத்தும் யோசித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமதூரில் ஒரு மையித்தைக் குளிப்பாட்ட என்னை அழைத்திருந்தார்கள். நன்றாக வாழ்ந்த வியாபாரி. மகன்களில் ஒருவர் பிரான்சில், மற்றவர் வளைகுடாவில். பளிங்குத் தரை போட்ட வீடு. இடப்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றப் போன எங்கள் கைகள் அப்படியே நின்றுவிட்டன. இடுப்புக்குக் கீழே முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். உள்ளே எலும்பு தெரிந்தது. படுக்கைப்புண்! குளிப்பாட்ட நின்ற நான்கு பேரில் ஒருவரும் பேசவில்லை.

பிள்ளைகள் ஒரு மாதம்கூடப் பணம் அனுப்பத் தவறியதில்லை. சமைக்க ஆள் இருந்தது. டாக்டர் வந்து போனார். அவருடைய மனைவி, எழுபது வயதைத் தாண்டிய மெலிந்த தாய், கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "புரட்டிப் போடணும்னு டாக்டர் சொன்னாரு. எனக்குத் தெம்பு இல்லே. யாரைக் கூப்பிடுறதுன்னும் தெரியலே."

யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை! அந்த வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு மூன்று நிமிட நடை. ஐந்து நேரமும் அந்த வாசலைக் கடந்துதான் நாம் தொழப் போனோம். பெற்றோரைப் பேணுவது பற்றி அதே பள்ளிவாசலில் பயான் செய்தவர்களில் இதை எழுதுகிற நானும் ஒருவன்.

மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் கண்டதை மறைக்க வேண்டும் என்பது நாம் படித்த ஒழுக்கம். அதனால்தான் இங்கே பெயர் இல்லை, தெரு இல்லை. ஆனால் அந்தப் புண் அவருடைய குறை அல்ல, நம்முடைய குறை. நம்முடைய குறையை மறைத்து வைக்கும்படி நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

ஆயுள் கூடியது, ஏற்பாடு கூடவில்லை

நம் பாட்டனார் காலத்தில் ஒருவர் படுத்தால் பத்து நாளில் முடிந்துவிடும். இன்று அப்படி இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் உண்டு. பக்கவாதம் வந்தவர் பிழைத்துக்கொள்கிறார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிழைத்தவர் எழுந்து நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 40 லட்சம் பேர். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்கள் விகிதம் அதிகமுள்ள மாநிலம் நம்மைச் சூழ்ந்திருக்கும் தமிழகம். 2021-இல் அங்கே நூற்றுக்கு 13.6 பேர் முதியவர்கள்; 2031-இல் அது 18.2 ஆகும் என்பது அரசின் மக்கள்தொகை மதிப்பீடு. ஐந்து பேர் நின்றால் ஒருவர் முதியவர் என்ற நிலை நெருங்கிவிட்டது. குடும்பங்களோ இரண்டு பிள்ளை, ஒரு பிள்ளை என்று சுருங்கிவிட்டன.

2017-18-இல் நாடு முழுவதும் முதியோரிடம் நடத்தப்பட்ட 'லாசி' ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. குளித்தல், உடுத்துதல், சாப்பிடுதல், நடத்தல், படுக்கையிலிருந்து எழுதல், கழிவறை செல்லுதல் ஆகியவற்றில் ஒன்றிலாவது சிரமப்படுவோர் 60 வயதைக் கடந்தவர்களில் 24 சதவீதம். அதாவது நான்கு பேரில் ஒருவர்! அந்த ஆய்வைத் தொடர்ந்து 2023-இல் வெளியான கணிப்பின்படி, மறதி நோயால் பாதிக்கப்பட்ட முதியவர்கள் இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேர். ஃபஜ்ருக்குப் போன பெரியவர் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? "வயசாயிடுச்சு, குழந்தை மாதிரி ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது ஒரு நோய். பல வருடம் நீடிக்கும் நோய்.

பணம் வருகிறது, கை வரவில்லை

புதுச்சேரியின் நிலைமை மற்ற ஊர்களிலிருந்து சற்று வேறானது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தைக் கைமாற்றினார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி முழுமையானது. ஆனால் நமதூருக்கும் பிரான்சுக்கும் இருந்த உறவு அறுபடவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த 'சொல்தா' குடும்பங்கள், பென்ஷன் வாங்கும் விதவைகள், பாரிஸ் புறநகரில் குடியேறிய பிள்ளைகள் என்று எத்தனையோ வீடுகள். மறுபுறம் துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று போனவர்கள். முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் சுல்தான்பேட்டையிலும் கதவைத் தட்டிப் பாருங்கள். பல வீடுகளில் திறப்பவர் முதியவர். பிள்ளை செல்போனில் இருக்கிறார்.

பென்ஷன் பணம்தான். டிராஃப்ட் பணம்தான். பணம் தானாக எழுந்துபோய் ஒரு மனிதரைப் புரட்டிப் போடாது.

ஒரு சிறு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். முழுப் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு இரவும் பகலும் ஆள் தேவை. ஒரு தொழிலாளி நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் உழைத்தால் 48 மணி நேரம். 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை ஆள்! மூன்றரை ஆள் செய்ய வேண்டிய வேலையை நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டுல எல்லாம் முதியோர் இல்லத்துல விட மாட்டோம்" என்று மார்தட்டுகிறோம்.

பணக்கார நாடுகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2003 ஆகஸ்டில் பிரான்சில் வீசிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். அந்த நாடு வெட்கப்பட்டது, பாடமும் கற்றது. 2004-இல் சட்டம் போட்டு, ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதலாக உழைத்து, அந்த வருமானத்தை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் ஒதுக்க வகை செய்தது. தன் வேலையைத் தானே செய்ய முடியாத முதியவருக்கு உதவித்தொகை 2002-லிருந்தே அங்கு உண்டு. ஜப்பானில் 2000-லிருந்து 40 வயதானவர் ஒவ்வொருவரும் முதுமைப் பராமரிப்புக்குக் கட்டாயமாகப் பணம் கட்டுகிறார். சிங்கப்பூரில் 2020-இல் வந்த திட்டத்தில் 1980-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் 30 வயதிலேயே சேர்ந்துவிடுகிறார்கள்.

30 வயது, 40 வயது! அங்கே முதுமைக்கான திட்டம் இளமையில் தொடங்குகிறது. நாம் எப்போது தொடங்குகிறோம்? அத்தா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மறுநாள்!

இதில் நமக்கு அன்னியமாக எதுவும் இல்லை. 40 வயதைக் குர்ஆன் குறிப்பிட்டே பேசுகிறது, 46-வது அத்தியாயத்தில். அந்த இடத்தில் பேச்சு பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் வருகிறது. நடுவில் நிற்பவன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய வயது அது.

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்குவான், இப்பவே எதுக்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். யூசுஃப் நபியின் வரலாற்றை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஏழு செழிப்பான வருடங்களில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, பின்னால் வந்த ஏழு பஞ்ச வருடங்களில் ஒரு நாட்டையே காப்பாற்றியவர் அவர். அவரைவிடவா நமக்குத் தவக்குல் அதிகம்?

மருமகள் வேலைக்காரி அல்ல

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை மகன் மீதும் மகள் மீதும் இருக்கிறது. மருமகள் மீது மார்க்கச் சட்டம் அந்தக் கடமையைச் சுமத்தவில்லை. அவள் செய்தால் அது அவளுடைய உபகாரம். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், துஆச் செய்ய வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். மகள் மாதம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு வந்து, "உம்மா இளைச்சுப் போயிட்டாங்களே" என்று குறை சொல்லிவிட்டுப் போகிறாள். மருமகள் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அவளுக்கு முதுகுவலி வந்தால் கேட்பாரில்லை.

பெற்ற தாய்க்கு டயப்பர் மாற்றக் கூச்சப்படும் இளைஞனே! உனக்கு மாற்றியவர் யார்? தந்தையைக் குளிப்பாட்டுவது மகனின் வேலை. அவர் மையித்தான பிறகு மட்டும் அல்ல, உயிரோடு இருக்கும்போதும்தான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டு நிலையே இது. பிள்ளை இல்லாதவர்கள், மணமுடிக்காத பெண்கள், கைவிடப்பட்டவர்கள் நிலை என்ன? முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் முகம் சுளிக்கிறோம். சுளிப்பதற்கு முன் அவர்களுக்கு மாற்று ஒன்றைக் காட்டினோமா?

வியாபாரிகளே, எழுதி வையுங்கள்!

நேரு வீதியிலும் பெரிய மார்க்கெட்டிலும் கடை வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடையின் கணக்கில் பாதி நோட்டில் இருக்கிறது. மீதி எங்கே இருக்கிறது? உங்கள் தலையில்! யாருக்கு எவ்வளவு பாக்கி, பங்குதாரரோடு என்ன பேச்சு, எந்த நகை எந்த லாக்கரில், எந்தக் கடைக்கு எவ்வளவு அட்வான்ஸ். ஒரே ஒரு இரவில் பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டால் அத்தனையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. அதை ஓதுகிற சமுதாயம் எழுதாமல் வியாபாரம் செய்கிறது!

"மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், போதும்" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். தெரிந்துகொள்ளுங்கள்: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். எப்போது அது மிகவும் தேவையோ அப்போது பயன்படாது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. சிகிச்சைக்காகச் சொத்தை விற்க அவருக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே குடும்பச் செலவுக்கான வங்கிக் கணக்கையாவது மனைவியோடு, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக வையுங்கள். கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

நாமினி என்பவர் வாரிசு அல்ல. பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டியவர், அவ்வளவுதான். உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்குப் பாகப்பிரிவினையில், பிள்ளைகள் இருந்தால், எட்டில் ஒரு பங்கு. வீடு விற்கப்பட்டால் அந்த எட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அவர் எங்கே இருப்பார்? கொடுக்காத மஹர் இருந்தால் அது கடன். பங்கு பிரிக்கும் முன் கொடுக்கப்பட வேண்டியது. அதை எழுதி வையுங்கள். அவருக்கென்று எதையாவது தர நினைத்தால் உயிரோடு இருக்கும்போதே, சுகமாக இருக்கும்போதே, ஹிபாவாகக் கொடுத்து அனுபோகத்தையும் ஒப்படையுங்கள். மரணப் படுக்கையில் கொடுப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு வந்துவிடும்.

பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகத்தில் பதிந்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிரெஞ்சுப் பதிவேட்டில் திருமணம் ஏறியிருக்கிறதா என்று இப்போதே சரி பாருங்கள். கணவர் காலமான பிறகு மனைவி தனியாகப் படியேறி அலையக் கூடாது.

மருத்துவ இன்சூரன்ஸ் கூடுமா கூடாதா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு நாள் பேச்சு. ஆனால் எடுத்திருப்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும். அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான். வீட்டுப் படுக்கைக்கு அல்ல. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வேறுபாடின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அட்டையை வாங்கி வையுங்கள். ஆனால் அதுவும் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் தொடங்கும் செலவுக்குத் தனியாக ஒரு சேமிப்பு வேண்டும். ஒரு சிறு கடையின் வாடகையை அதற்கென்று ஒதுக்கலாம். கல்யாண மண்டபத்தில் ஒரு வேளை விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பலாம்.

இருக்கும் கூரையை எழுதிக் கொடுக்காதீர்கள்

பாசத்தில் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் திண்ணையில் சோற்றுக்குக் காத்திருக்கும் பெற்றோரை நாம் பார்க்கிறோம். இதற்குச் சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. எல்லா மதத்தவருக்கும் பொதுவானது. தீர்ப்பாயத்தில் பெற்றோரே மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கலாம். மனு பற்றிய நோட்டீஸ் எதிர்த் தரப்புக்குச் சேர்ப்பிக்கப்பட்ட பின் 90 நாளில் முடிவு வர வேண்டும். தேவைப்பட்டால் ஒரு முறை மட்டும் 30 நாள் கூட்டலாம்.

அதன் 23-வது பிரிவு முக்கியமானது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், ரத்துச் செய்யலாம். நிபந்தனை இல்லாவிட்டால் ரத்து செய்ய முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், சொத்தை அவர்கள் கையில் திருப்பி ஒப்படைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் கூறியது. ஆகவே முதல் ஆலோசனை: குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். வாரிசுரிமைச் சட்டம் அதன் வேலையை அதன் நேரத்தில் செய்யும். எழுதியே ஆக வேண்டிய நிலை என்றால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களை ஒதுக்கும் அநீதியையும் செய்யாதீர்கள்.

முதியோருக்கான அரசின் உதவி எண் 14567. வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

மலப்புறம் காட்டிய வழி

சட்டம் பணம் வாங்கித் தரும். அன்பையும் ஆளையும் எங்கே தேடுவது? நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது. அதனால் 2000-ஐ ஒட்டி அந்தப் பணி மலப்புறம் மாவட்டத்தில் தெருவுக்கு இறங்கியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம், வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய மாவட்டம். நம்மைப் போலத்தான்! அங்கே ஆட்டோ ஓட்டுநரும் கடைக்காரரும் கல்லூரி மாணவரும் குடும்பப் பெண்களும் பயிற்சி எடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றார்கள். படுத்தவரைப் புரட்டக் கற்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கற்றார்கள். செலவுக்குப் பெரிய தனவந்தர்களைத் தேடவில்லை. தெருவில் உள்ளவர்கள் சிறு சிறு தொகையாகக் கொடுத்தார்கள். நர்சும் டாக்டரும் அந்தத் தொண்டர்களோடு வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் கேரள அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது. தொண்டர்கள் தொடங்கினார்கள்; அரசு பின்னால் வந்தது.

நம்மால் முடியாதா? 2020, 2021 கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையே தொட அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவர் என்று கேட்காமல், நம் இளைஞர்கள் தூக்கி அடக்கம் செய்தார்கள். தகனம் செய்யவும் உதவினார்கள். இறந்தவரைத் தூக்கத் தெரிந்த இந்தத் தோள்களுக்கு, உயிரோடு இருப்பவரைத் தூக்கத் தெரியாதா?

மஹல்லாவில் என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கெடுப்பு. உங்கள் மஹல்லாவில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர்? தனியாக இருப்பவர் யார்? படுக்கையில் இருப்பவர் யார்? சந்தாப் பட்டியல் வைத்திருக்கும் ஜமாஅத்திடம் இந்தப் பட்டியல் உண்டா?

இரண்டாவது, பயிற்சி. இளைஞர்கள் இருபது பேர், பெண்கள் இருபது பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, சாய்த்து உட்கார வைத்து ஊட்டுவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருப்பது. மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் நமதூரில் பஞ்சமில்லை. ஜிப்மர் இருக்கும் ஊர் இது! மரியாதையோடு கேட்டால் கற்றுக்கொடுக்க முன்வருவார்கள்.

மூன்றாவது, பொருள்கள். சந்தூக்கு வாங்கி வைக்காத பள்ளிவாசல் உண்டா? அதன் பக்கத்திலேயே ஒரு மடக்குக் கட்டில், இரண்டு ஏர் பெட், சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். தேவைப்பட்டவர் எடுத்துப் போகட்டும், முடிந்ததும் திருப்பித் தரட்டும்.

நான்காவது, இரவுத் துணை. மாதத்தில் ஒரே ஒரு இரவை ஒரு இளைஞன் கொடுத்தால் போதும். முப்பது பேர் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு மாதம் முழுவதும் ஆள்.

ஐந்தாவது, நிதி. 400 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இதை ஜகாத்தோடு கலக்க வேண்டாம். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்று வரையறை இருக்கிறது. வசதியான வீட்டில் படுத்திருப்பவருக்கு அது சேராது. இது பொது ஸதகாவாக இருக்கட்டும். வசதி படைத்தவர்கள் ஒரு கடையை, ஒரு வீட்டை இதற்கென்று வக்ஃப் செய்யலாம். கெய்ரோவில் 1284-85-இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய புகழ்பெற்ற மருத்துவமனை வக்ஃப் வருமானத்தில்தான் நடந்தது. வக்ஃப் என்றால் கப்ருஸ்தான் மட்டும்தானா?

ஆறாவது, வீடு. நமதூர்ப் பழைய வீடுகளில் செங்குத்தான மாடிப்படி, வழுக்கும் குளியலறை. ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு இரவு விளக்கு ஒரு இடுப்பெலும்பைக் காப்பாற்றும். பள்ளிவாசல் ஒளூச் செய்யும் இடத்திலும் கைப்பிடி வையுங்கள்.

இந்தச் சேவை நம்மோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்து வீட்டு முதியவர் இந்துவாக இருக்கலாம், கிறிஸ்தவராக இருக்கலாம். படுக்கைப்புண் மதம் பார்த்து வருவதில்லை.

அரசிடம் நம் கோரிக்கை

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. அரசின் கடமையை நாம் மன்னித்து விடவும் கூடாது. 2007 சட்டத்தின் 19-வது பிரிவு, ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைப்பது பற்றிப் பேசுகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள், இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். கோட்டக்குப்பம் தமிழகம், முத்தியால்பேட்டை புதுவை. எல்லைக்கோடு அரசுகளுக்கு, நோய்க்கு அல்ல. புதுவையின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் படுக்கையில் இருப்பவரைத் தேடி ஒரு குழு வீட்டுக்கு வர வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் சாலையும் சாக்கடையும் கேட்கும் நாம் இதையும் கேட்போம்.

இந்த வெள்ளிக்கிழமையே!

சகோதரர்களே! அடுத்த பெருநாள் விடுமுறையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். பிரியாணியோடு எழுந்துவிடாதீர்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் அத்தாவையும் அம்மாவையும் நடுவில் வைத்து ஒரு மஷூரா செய்யுங்கள். அவர்கள் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். யார் பணம் தருவது, யார் பக்கத்தில் இருப்பது, இருப்பவருக்கு ஓய்வு தர யார் எந்த மாதம் வருவது என்று முடிவு செய்து எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். பணம் அனுப்புபவர் முதலாளியும் அல்ல, பக்கத்தில் இருப்பவர் கூலியும் அல்ல.

இளைஞனே! இன்று உன் அத்தாவுக்காக நீ கற்றுக்கொள்வதைத்தான் நாளை உன் மகன் உனக்காகச் செய்யப் போகிறான். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் தெருவில் திறக்காத கதவு ஒன்று இருக்கும். தட்டுங்கள். "புரட்டிப் போட ஆள் வேணுமா?" என்று கேளுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இன்னொரு தாய் நம் ஊரில் நிற்கக் கூடாது. இன்ஷா அல்லாஹ், நிற்க விட மாட்டோம்.